35 ஜிபி எங்கே போச்சு?

"பெருசா ஒண்ணும் இல்ல தம்பி, ராம் போயிருச்சு. ஒரு ராம் எடுத்துட்டு வந்து மாட்டிட்டுப் போயிருங்க" என்று யாராவது போனில் சொன்னால், கம்ப்யூட்டருக்குள் மாட்டும் அந்த மெமரிப் பட்டையை நான் எடுத்துக்கொண்டு போவதில்லை. டெஸ்டர் எடுத்துக்கொண்டு போவேன். பல வீடுகளில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச் அணைந்திருக்கும். காலையில் பெருக்கும்போது விளக்குமாறு பட்டிருக்கும், அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் சிஸ்டம் ஆன் ஆகும். அவர் கொஞ்சமும் அசராமல், "லூஸ் கான்டாக்ட்டா இருந்திருக்கும், ராம்ல" என்பார்.

சிவகாசியில் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறேன். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அச்சகக்காரர்கள், மீதி பட்டாசுக் கடை பில்லிங் சிஸ்டங்கள். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களால் எனக்குத் தொந்தரவு கிடையாது. "ஓடல, பாருங்க" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விடுவார்கள். நோயோடு சேர்த்து மருந்தையும் எழுதிக்கொண்டு வருகிறார்களே, அவர்களிடம்தான் பாடு.

எனக்கு வாய்த்த முதல் ஆள் என் மாஸ்டர். 2002-ல் டி.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கப் போன சென்டரில், கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். தூசிக்காக. ஆனால் வைரஸ் உள்ளே வந்துவிடும் என்று மாஸ்டர் சொன்னார். எங்களில் பாதிப் பேர் நம்பினோம். நான் ஒரு படி மேலே போய்க் காலையும் கழுவிவிட்டுப் போனேன்.

அந்த வருஷம் உலகம் முழுக்க ஒரு மெயில் சுற்றியது. உங்கள் கம்ப்யூட்டரில் கரடிப் படத்தோடு ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது வைரஸ், 14 நாள் தூங்கிவிட்டு எழுந்திருக்கும், எந்த ஆன்டிவைரஸுக்கும் சிக்காது, உடனே அழித்துவிட்டு தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்று. தேடினால் எல்லார் சிஸ்டத்திலும் அந்தக் கரடி உட்கார்ந்திருக்கும். இருக்காமல் என்ன செய்யும்? அது அப்போது விண்டோஸோடு வந்த ஃபைல். ஜாவாவில் புரோகிராம் எழுதியவர்களுக்கு மட்டும் உதவிய ஒன்று. மாஸ்டர் எங்களைப் பன்னிரண்டு சிஸ்டத்திலும் உட்கார வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒரே நேரத்தில் டெலிட் அடிக்க வைத்தார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தோம். 14 நாள் கழித்து ஒரு சிஸ்டத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களாடா!" என்றார். எங்கள் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

தப்பான வைத்தியத்துக்கும் காய்ச்சல் இறங்கிவிடுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய சிக்கல். ரிஃப்ரெஷ் சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் ஆன் ஆனதும் வலது பக்கம் கிளிக் செய்து ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று பத்துத் தடவை அடித்தால்தான் வேகம் பிடிக்கும் என்று நம் ஊரில் ஒரு சம்பிரதாயம் உண்டு. அது திரையில் இருக்கும் ஐகான்களைத் திரும்ப ஒருமுறை வரைந்து காட்டும். அதைத் தவிர ஒன்றும் செய்யாது. ஆனால் அடித்து முடிப்பதற்குள் பின்னால் ஏற வேண்டியதெல்லாம் ஏறி முடிந்திருக்கும், சிஸ்டமும் வேகமாகத்தான் இருக்கும். எவ்வளவு சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. சொல்லிக்கொண்டே நானும் அடித்துக்கொண்டிருப்பேன், அது வேறு விஷயம்.

ஒரு ஆஃப்செட் பிரஸ் முதலாளியின் மச்சினர் கதையைச் சொல்லாமல் இந்தப் பதிவு முடியாது. கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் டி.டி.பி. பிரிவை அவர்தான் பார்த்துக்கொண்டார். "நம்ம சிஸ்டம் அட்மின்" என்று முதலாளி பெருமையாக அறிமுகம் செய்வார். ஆடி மாசம். சிவகாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆடிப் பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பிரஸ்ஸில் ஒரு சிஸ்டம் படுத்தால் முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். மச்சினர் போன் செய்தார்.

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. ராம் பத்தல. நாலு ஜிபி போடுங்க."

போய்ப் பார்த்தேன். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி ஒரு தம் பிடித்துவிட்டுத்தான் கிளம்பியது. வலது ஓரத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று ஆன்டிவைரஸ். ஒரே வீட்டுக்கு மூன்று வாட்ச்மேன் போட்ட மாதிரி. ஒருத்தன் கேட்டைத் திறந்தால் அடுத்தவன் விசிலடிக்கிறான், விசில் சத்தம் கேட்டு மூன்றாமவன் டார்ச் அடிக்கிறான். வீட்டுக்காரன் உள்ளே போகவே முடியாது.

"எதுக்குண்ணே மூணு?"

"வைரஸ் அப்படி. தமிழை மட்டும் தின்னுற வைரஸ். நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

நானும் பார்த்ததில்லை. திறந்து காட்டச் சொன்னேன். பேஜ்மேக்கரில் தினசரி காலண்டர் தாள். தேதியெல்லாம் சரியாக இருக்கிறது. 'அமாவாசை' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, எச் என்று தொடங்கி ஒரு ஆங்கில எழுத்துக் கோவை. கீழே ராகு காலம், எமகண்டம் எல்லாமே அப்படித்தான்.

பாமினி எழுத்துருவில் வேலை பார்த்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது ஒரு வேஷம்தான். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து. 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' என்று படம் வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு சிஸ்டத்தில் இல்லையென்றால் வேஷம் கலைந்து உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யூனிகோடு வந்த பிறகு தமிழ் எழுத்துக்கு என்று தனி எண்ணே இருப்பதால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பிரஸ்களில் பாமினியை விட்டு அவ்வளவு சீக்கிரம் வெளியே வரவில்லை.

"இதைத் திறக்கும்போது ஃபான்ட் இல்லைன்னு ஒரு பெட்டி வந்திருக்குமேண்ணே?"

"வந்துச்சு. ஓகே குடுத்துட்டேன்."

"ஃபான்ட்டெல்லாம் எங்க போச்சு?"

அப்போதுதான் விஷயம் வந்தது. போன வாரம் சிஸ்டம் லேசாக மந்தமாக இருந்திருக்கிறது. மச்சினர் தானே ஃபார்மட் அடித்து, அதாவது இருந்ததையெல்லாம் அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டிருக்கிறார். அதோடு போட்டு வைத்திருந்த எழுத்துரு எல்லாம் போயே போச்சு. எனக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம். "பேக்கப் எடுத்தீங்களா?"

"எடுக்காம இருப்பேனா?" என்று பாக்கெட்டில் இருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜையில் வைத்தார். "நம்ம மொத்த வேலையும் இதுல. இந்தப் பென்டிரைவ் செம ஸ்பீடு. எல்லா ஃபோல்டரும் ஒரு செகண்ட்ல ஏறிருச்சு."

சொருகிப் பார்த்தேன். முப்பது முப்பத்தைந்து ஐகான். ஒவ்வொன்றின் இடது மூலையிலும் ஒரு குட்டி அம்பு. எல்லாம் ஷார்ட்கட், ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி மட்டும்தான். மொத்த அளவு ஒரு போட்டோ அளவுகூட இல்லை. பீரோ சாவியை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு நகையைப் பத்திரப்படுத்திவிட்டதாக நினைத்திருக்கிறார்.

"அண்ணே, இது வெறும் ஷார்ட்கட்."

"இல்ல தம்பி, பாருங்க." ஒரு ஐகானை டபுள் கிளிக் செய்தார். திறந்துவிட்டது! உள்ளே அத்தனை ஃபைலும் இருக்கின்றன. அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

எப்படித் திறந்தது? வேலையெல்லாம் டி டிரைவில் இருந்திருக்கிறது. ஃபார்மட் அடித்தது சி டிரைவை மட்டும். ஷார்ட்கட் டி டிரைவைக் காட்டிக்கொண்டே இருக்கிறது, அங்கே ஃபைலும் இருக்கிறது, அதனால் திறக்கிறது. காலண்டர் தப்பியது அந்த அண்ணன் செய்த பேக்கப்பால் இல்லை, டி டிரைவ் புண்ணியத்தால்.

"வீட்டு சிஸ்டத்துல போட்டா மட்டும் திறக்க மாட்டேங்குது. அதுல கெப்பாசிட்டி கம்மி" என்றார்.

நான் அதற்கு மேல் வாதம் செய்யவில்லை. இரண்டு ஆன்டிவைரஸைத் தூக்கினேன். பக்கத்து சிஸ்டத்தில் இருந்து பாமினியையும் அதன் கூட்டாளிகளையும் காப்பி செய்து போட்டேன். திரையில் அமாவாசை வந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "என்னப்பா பிரச்சினை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினர், "தமிழ் வைரஸ் மாமா, ரெண்டு பேருமா சேர்ந்து எடுத்துட்டோம்" என்றார். பில் 300 ரூபாய். அதில் பாதியை அவர் கேட்காமல் விட்டதே பெரிசு.

என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கெட்டவரும் உண்டு. டிஸ்ப்ளே வராமல் பீப் பீப் என்று கத்தினால் ராமைக் கழற்றி, அந்தத் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவோம். எந்தச் சர்வீஸ்காரரும் செய்வதுதான். ஒரு மளிகைக் கடைக்காரர் அதைக் கவனித்திருக்கிறார். அடுத்த தடவை அவரே கழற்றித் தேய்த்துச் சரி செய்திருக்கிறார். அதற்கடுத்த தடவை, சரி, நன்றாகவே செய்துவிடுவோம் என்று புராசசரையும் கழற்றி, அதன் அடியில் போர்டில் இருக்கும் தலைமுடி போன்ற பின்களையும் ரப்பரால் தேய்த்துவிட்டார். எல்லாம் பெருமாள் கோவில் புளியோதரை மாதிரி குழைந்து கிடந்தது. போர்டு போச்சு. "ரப்பர் நல்ல கம்பெனி ரப்பர்தானே தம்பி" என்று கேட்டார், பாவம்.

இவ்வளவு நேரம் ஊராரைச் சொல்லிவிட்டு என் கதையைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

பெட்டி செய்யும் ஒரு அண்ணாச்சிக்கு 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் மாட்டிக் கொடுத்தேன். அவர் மனிதர் கெட்டி. அட்டை வாங்கினால் தாளை எண்ணி வாங்குவார். மை கம்ப்யூட்டரைத் திறந்து எல்லா டிரைவையும் ஒரு சீட்டில் கூட்டினார். 465 வந்தது. மறுபடி கூட்டினார். அதே 465.

"தம்பி, 35 ஜிபி எங்க?"

எனக்கு மனசுக்குள் சிரிப்பு. ஹார்ட் டிஸ்க்கைப் பால் மாதிரி அளந்து பார்க்கிறாரே என்று. "அது அப்படித்தான் அண்ணாச்சி. ஃபார்மட் பண்ணும்போது அது கொஞ்சம் தின்னுக்கும்" என்றேன். என் மாஸ்டர் எனக்குச் சொன்னது. எட்டு வருஷமாக எல்லாருக்கும் அதையேதான் சொல்லி வந்தேன். ஒருத்தரும் மறுத்ததில்லை.

"500-க்குக் காசு வாங்கிட்டு 35-ஐ அது தின்னா எப்படி? நாங்க அட்டையில சேதாரம் ரெண்டு பர்சன்ட் போனாலே கணக்குக் கேப்போம்."

அவர் மகள் ப்ளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். மேஜையின் மறு ஓரத்தில் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல், "தின்னலண்ணே. 1000-க்கும் 1024-க்கும் உள்ள வித்தியாசம்" என்றாள்.

"என்னம்மா?"

"டிஸ்க் செய்யறவங்க 100 கோடி பைட்டை ஒரு ஜிபின்னு போடறாங்க. விண்டோஸ் 1024-ஐ மூணு தடவை பெருக்கி வர்றதை ஒரு ஜிபின்னு எண்ணுது. அது 107 கோடிச் சொச்சம். 500-ஐ 1.0737-ஆல வகுத்துப் பாருங்க."

அண்ணாச்சியின் கால்குலேட்டரை எடுத்து வகுத்தேன். 465.68. ஃபார்மட் தின்பது உண்மைதான், ஆனால் அது கொசுறு. 35 ஜிபி தின்ன ஆளே கிடையாது, அளவுக்கோலே இரண்டு. எட்டு வருஷம். எத்தனை பேரிடம் எவ்வளவு தெளிவாக விளக்கியிருப்பேன் என்று நினைத்துக் காது சூடாகிவிட்டது.

அண்ணாச்சி இரண்டே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். "அடடா, நம்ம ரீம் கணக்கு! அந்தக் காலத்துல ரீமுக்கு 480 தாள். அப்புறம் 500 ஆச்சு. ரெண்டு பேரும் ரீம்னுதான் சொல்லுவான், எந்த ரீம்னு கேட்டுக்கணும். இதைச் சொல்ல வேண்டியதுதானே தம்பி?" தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா.

அண்ணாச்சி இப்போதெல்லாம் சாயங்காலம் என் கடையில் வந்து உட்காருவார். போன மாதம் ஒரு பையன் ஒரு டிபி, அதாவது 1000 ஜிபி, டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து, 931 ஜிபிதான் காட்டுகிறது, டூப்ளிகேட் என்று சண்டைக்கு நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, 480 தாள், 500 தாள், 1000, 1024 என்று பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். என்னால்கூட அவ்வளவு அழகாகச் சொல்ல முடியாது. பையன் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தான்.

"அதுபோக," என்றார் அண்ணாச்சி, "ஃபார்மட் வேற ஒரு பத்து இருபது ஜிபி தின்னும். தம்பிதான் சொன்னாரு."

நான் கீழே விழாத ஸ்க்ரூ ஒன்றைத் தேடிக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டேன்.