லத்தாவின் கதவுகளில் ஒட்டியிருக்கும் எழுத்து

ரங்கூன் காளியம்மன் கோயிலிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தாலே லத்தா, சீனர்கள் பேட்டை. அங்கே பாதிக் கதவுகளில் சிவப்புத் தாளில் ஒரே எழுத்துதான், தாளின் ஒரு மூலை மேலே வரும்படி சாய்த்து ஒட்டியிருப்பார்கள். மாண்டரினில் 'ஃபூ' (福), ஹொக்கியன் பேசும் சீனர்கள் வாயில் 'ஹோக்'. ஸ்ட்ராண்ட் சாலையில் கடல் தெய்வம் மாசூவுக்கு 1861-இல் எழுப்பி 1903-இல் திரும்பக் கட்டிய கெங் ஹோக் கியோங் கோயிலின் பெயரில் நடுவே நிற்பதும் இதேதான். அந்த ஹொக்கியன்காரர்களின் பூர்வீகமான ஃபூஜியன் மாகாணத்தின் பெயர் தொடங்குவதும் இதில்தான்.

அர்த்தம் கேட்டால் 'அதிர்ஷ்டம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் எழுத்துக்குள்ளேயே ஒரு பூஜை நடக்கிறது.

மொத்தம் 13 கோடுகள். வலது பக்கம் மேலே ஒரு கோடு, அதன் கீழே வாயைக் குறிக்கும் சின்னக் கட்டம், அதற்கும் கீழே நாலு பாத்தி பிரித்த வயல். ஒரு வாய்க்கு ஒரு வயல் இருந்தால் சோற்றுக்குக் கவலையில்லை, அதுதான் பாக்கியம் என்று பலரும் விளக்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுத்து பிறந்த கதை அது இல்லை. ஏறக்குறைய 3,000 வருஷத்துக்கு முன்னால் சீனாவை ஆண்ட ஷாங் அரசர்கள் குறி கேட்டு ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் கீறிவைத்த வடிவங்களைப் பார்த்தால் அங்கே வாயும் இல்லை, வயலும் இல்லை. ஒரு பக்கம் தெய்வத்தின் பீடம், இன்னொரு பக்கம் மதுக்குடம், சிலவற்றில் அந்தக் குடத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும் உண்டு. முதலில் படையல், அப்புறம்தான் வரம். வாசலில் நிறைகுடம் வைத்துப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதியே வேண்டாம்.

பிற்காலத்தில் கைகள் உதிர்ந்து, குடம் கட்டம் கட்டமாக மாறி, பீடம் இடது பக்கம் நாலு கோடாகச் சுருங்கிவிட்டது. அதே குடத்துக்கு மேலே ஒரு கூரை போட்டால் செல்வம் என்ற எழுத்து. பீடத்தை எடுத்துவிட்டுப் பூச்சிக்கான குறியை வைத்தால் வௌவால்! அதுவும் 'ஃபூ' என்றே ஒலிப்பதால்தான் சீனப் பீங்கானில் ஐந்து வௌவால்களை வரைந்து ஐந்து பாக்கியங்கள் என்கிறார்கள்.

சிலர் இந்த எழுத்தைத் தலைகீழாக ஒட்டுவதும் இப்படி ஒலியை வைத்துத்தான். மாண்டரினில் 'கவிழ்ந்தது', 'வந்தது' இரண்டுக்குமே 'தாவ்' என்ற ஒலி, ஆக ஃபூ கவிழ்ந்தால் ஃபூ வந்துவிட்டது. ஆனால் வாசல் கதவில் நேராகத்தான் ஒட்டவேண்டும், கவிழ்ப்பதையெல்லாம் உள்ளே அலமாரியிலோ அரிசிப் பானையிலோ வைத்துக்கொள் என்பவர்களும் உண்டு. நான் அவர்கள் கட்சி, படையல் குடத்தை வாசலில் கவிழ்க்க மனசு வரவில்லை.

சீனப் புத்தாண்டுக்கு நீங்களே தூரிகை எடுத்து எழுதப்போகிறீர்கள் என்றால் இடது பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே கூடுதலாக ஒரு சின்னப் புள்ளி விழுந்தால் போதும், பீடம் போய் துணிக்கான குறி வந்துவிடும்.