கார் ஷெட் காற்று ஹாலுக்குள் வராமல் இருக்க

எங்கள் வீடு சென்னையில், கடலோரக் கொட்டிவாக்கத்தில். கீழே ஷட்டர் போட்ட கார் ஷெட், அங்கிருந்து ஒரு கதவு நேராக ஹாலுக்குத் திறக்கும். ராத்திரி வண்டியை விட்டு ஷட்டரை இறக்கினால் அரை மணி நேரத்தில் அம்மாவின் அறை வரை பெட்ரோல் வாடை. "தலையைப் பிடிக்குதுடா" என்று அம்மா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பே கவனித்திருக்க வேண்டும்.

இன்ஜினை அணைத்த பிறகும் சூடு தணியும்வரை பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் எந்த அளவையும் சொல்லவில்லை.

முதல் வாரம் ஒரு ஊதுபத்தியை வைத்துத்தான் சோதனை. ஷட்டரை இறக்கிவிட்டு, ஹால் கதவின் அடியில் ஷெட் பக்கமாகப் பத்தியைப் பிடித்தேன். புகை நேராக மேலே போனது. அப்புறம் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொன்னேன். புகை வளைந்து, நூல் இழுத்ததுபோல் கதவிடுக்கு வழியாக ஹாலுக்குள் போய்விட்டது. சமையலறை ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும்; ஏசிக்காக ஜன்னல்களைச் சாத்திவிட்டால் மிச்சமிருக்கும் வழி ஷெட்தான். இன்வெர்ட்டர் ஒயர் போகும் ஓட்டையிலும் அதே கதை.

ஆகவே முதல் வேலை ஓட்டையை அடைப்பது. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் பிரஷ் பட்டை, ஒயர் ஓட்டைக்கு சிலிகோன் பசை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. வாடை பாதிக்கு மேல் குறைந்தது.

அடுத்து ஷெட்டுக்கு 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். இங்கேதான் ஒரு தவறு செய்தேன். கிழக்குச் சுவரில் சுலபமாக இடம் கிடைத்தது என்று அங்கேயே வைத்தோம். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்ததும் ஃபேனின் மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. உள்ளிருந்து தள்ளும் காற்றை வெளிக்காற்று திருப்பி அனுப்பியது. ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தால் புகை ஃபேன் பக்கம் போகவே இல்லை. கொத்தனாரை மறுபடி கூப்பிட்டு மேற்குச் சுவருக்கு மாற்றினோம். கூடுதல் செலவுதான், ஆனால் இப்போது சாயங்காலத்திலும் புகை ஃபேனை நோக்கியே ஓடுகிறது.

ஃபேனைக் கூரையை ஒட்டி உயரத்தில் வைத்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் படியும்; தீப்பொறி வரக்கூடிய சாதாரண மோட்டார் அங்கே இருக்கக் கூடாது. ஷட்டரின் அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன், புதுக் காற்று தரையைத் தடவிக்கொண்டு உள்ளே வரும். பெட்ரோல் கேன் மொட்டை மாடி நிழலுக்குப் போய்விட்டது.

வண்டியை விட்டதும் ஒரு மணி நேரம் ஓடும்படி ஃபேனுக்கு டைமர் போட்டாயிற்று. இன்ஜின் புகையில் வரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு; அதற்கான அலாரம் ஒன்றும் ஹாலில் மாட்டினேன். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூக்கை நம்ப முடியாது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஷெட்டுக்குள் ஓட்டுவதில்லை என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஃபேன் போட்டிருந்தாலும் சரி, ஷட்டர் திறந்திருந்தாலும் சரி.

நேற்று ராத்திரி சமையலறை ஃபேனையும் ஓடவிட்டு மறுபடி பத்தியைப் பிடித்தேன். புகை ஹால் கதவை விட்டு விலகி ஷெட்டுக்குள்ளேயே போனது. ஒயர் ஓட்டையின் ஒரு மூலையில் மட்டும் லேசாக உள்ளே இழுக்கிறது. இந்த ஞாயிறு அங்கே இன்னொரு பூச்சு சிலிகோன்.