பளிங்குச் சுவரில் இரண்டு மில்லிமீட்டர்

சமையல் மேடையின் பின்சுவருக்குப் பளிங்கைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அந்தப் பளிங்குத் துண்டுகளுக்கு நடுவே விடப்படும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியை எந்த நிறத்தால் அடைப்பது என்று முடிவு செய்ய மூன்று வாரங்கள் பிடித்தன. வீட்டு வேலை எதையும் இவ்வளவு இழுத்தடிக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும், கிரௌட் என்கிற அந்தச் சாதாரணப் பூச்சு ஒரு சுவரின் முகத்தையே எப்படி மாற்றிவிடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த வாரங்களை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை.

நாங்கள் வாங்கியது 75 மில்லிமீட்டர் உயரமும் 150 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, பாலிஷ் செய்யப்பட்ட கராரா வகைப் பளிங்கு. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் இந்தக் கல் வெள்ளை என்றே விற்கப்பட்டாலும், தூய வெள்ளைத் தாள் ஒன்றை அதன் மேல் வைத்துப் பார்த்தால் அது வெள்ளை அல்ல என்பது உடனே தெரிந்துவிடும். பாலில் ஒரு சிட்டிகைச் சாம்பலைக் கரைத்தது போன்ற, நீலச் சாயல் லேசாக ஓடும் வெளுப்பு அது. அதன் மேல் பென்சிலால் கிறுக்கி விரலால் தேய்த்துவிட்டது போலச் சாம்பல் ரேகைகள் படர்ந்திருக்கின்றன. கிரௌட் நிறத்தைப் பற்றிய குழப்பம் முழுவதும், இந்தக் கல்லை வெள்ளை என்று நம்பிவிடுவதிலிருந்துதான் தொடங்குகிறது.

நிறத்துக்குள் போவதற்கு முன், சுவரில் கிரௌட் எவ்வளவு இடத்தைப் பிடிக்கப் போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் அளவு டைலுக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், சுவரின் மொத்தப் பரப்பில் கிரௌட்டின் பங்கு ஏறத்தாழ 4 சதவீதம். இடைவெளியை 3 மில்லிமீட்டராக்கினால் அது 6 சதவீதத்தைத் தொடுகிறது. 25 மில்லிமீட்டர் சதுர மொசைக் துண்டுகளாக இருந்தால், அதே 2 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 14 சதவீதம், அதாவது சுவரில் ஏழில் ஒரு பங்கு. மாறாக, 300க்கு 600 என்ற பெரிய டைலில் அது வெறும் 1 சதவீதம். எனவே, பெரிய டைல் ஒட்டுகிறவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மொசைக் ஒட்டுகிறவர்களோ கிரௌட்டை இடுக்கை அடைக்கும் பொருளாகக் கருதாமல், சுவரின் இரண்டாவது நிறமாகவே கருத வேண்டும்.

எங்கள் சுவர் இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தது. 4 சதவீதம் என்பது கேட்கக் குறைவாக இருந்தாலும், அது ஒரே இடத்தில் கிடக்கும் 4 சதவீதம் அல்ல. சுவர் முழுவதும் நேர்கோடுகளாக ஓடுகிற 4 சதவீதம். கண் எப்போதும் கோட்டைத்தான் முதலில் பிடிக்கிறது.

என்னுடைய முதல் எண்ணம், எல்லோருக்கும் வரக்கூடிய அதே எண்ணம்தான்: வெள்ளைக் கல்லுக்கு வெள்ளை கிரௌட். ஆனால், கிரௌட் தயாரிப்பவர்கள் வெள்ளை என்று தருவது சுண்ணாம்பு அடித்த சுவரைப் போன்ற பளீர் வெள்ளை. அதை மிச்சத் துண்டுகள் இரண்டின் நடுவே பூசிக் காய வைத்துப் பார்த்தபோது கிரௌட் பளிச்சென்று நின்றது, கல்தான் மங்கிப்போனது; நேற்று வரை அழகாகத் தெரிந்த பளிங்கு, பலமுறை துவைத்த வெள்ளைச் சட்டையைப் புதுச் சட்டைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டது போல அழுக்கேறித் தெரிந்தது. பக்கத்தில் இருக்கும் நிறம் ஒரு நிறத்தை இப்படி மாற்றிக் காட்டுவதற்கு ஒரு பழைய கதை உண்டு. பாரிஸில் கோப்லான் சித்திரத் திரை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், அங்கே தோய்க்கும் கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்ற புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் குறை ஏதும் இல்லை; கறுப்புக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் அதை வலுவிழந்ததாகக் காட்டின. நிறங்களின் இந்த உடனிகழ் முரணைப் பற்றி அவர் 1839இல் ஒரு பெரிய நூலையே வெளியிட்டார். என் கல்லிலும் குறை ஏதும் இல்லை.

வெள்ளையைக் கைவிட இன்னொரு காரணமும் இருந்தது. சிமென்ட் கிரௌட் நுண்துளைகள் நிறைந்தது. அடுப்புக்குப் பின்னால் தெறிக்கும் எண்ணெய், சீலர் என்கிற, உறிஞ்சலைத் தடுக்கும் காப்புத் திரவத்தை எவ்வளவு அடித்தாலும், ஆண்டுகள் போகப்போகத் தன் தடத்தை விட்டுச் செல்லும். அடுப்புக்குப் பின்னால் உள்ள கோடுகள் பழுப்பேறி, மற்ற கோடுகள் வெள்ளையாகவே நிற்கும் சுவரைவிட, முதல் நாளிலிருந்தே லேசான சாம்பலாக இருக்கும் சுவர் எனக்கு மேலாகப் பட்டது.

அடுத்து, நேரெதிர்த் துருவத்துக்குப் போனோம். அடர்ந்த கரிச்சாம்பல் நிறம் படங்களில் மிகவும் மிடுக்காக இருக்கிறது. என் கணவருக்கு அதன் மீதுதான் ஆசை. மாதிரித் துண்டில் பூசி, துடைத்து, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது அவரே சொன்னார்: "இது சுவர் மாதிரி இல்லை, கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி இருக்கிறது." அதைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கல்லின் விளிம்பை ஒட்டி, கிரௌட்டுக்கு வெளியே, நகக்கண் அழுக்கைப் போல மிக மெல்லிய ஒரு கருநிழல் தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. பளிங்கின் மேற்பரப்பு எவ்வளவு பளபளத்தாலும் அறுக்கப்பட்ட விளிம்பு உறிஞ்சும் தன்மையோடுதான் இருக்கிறது. கிரௌட்டில் உள்ள தண்ணீர் கல்லுக்குள் இறங்கும்போது பொடியாக இருக்கும் நிறமியையும் கூடவே இழுத்துச் சென்றுவிடுகிறது. கிரௌட் போடுவதற்கு முன்பே விளிம்பு உட்படக் கல் முழுவதற்கும் சீலர் அடித்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம். ஆனால், தப்பிதமாக ஒரு டைலின் விளிம்பு விடுபட்டாலும் அதைச் சரிசெய்ய வழியில்லை என்பதால், வெளிர்ப் பளிங்குக்கு அடர்நிற கிரௌட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தவிர, டைல்களின் அளவில் இருக்கும் அரை மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வைக்கூட அடர்நிறக் கோடு அம்பலப்படுத்திவிடும்.

இந்தக் கட்டத்தில், டைல் விற்ற கடையில் கிடைத்த அறிவுரை நினைவுக்கு வந்தது: கல்லில் ஓடும் ரேகையின் நிறத்திலேயே கிரௌட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். பலரும் சொல்வதுதான், எனக்கோ அது பாதி உண்மை என்று தோன்றுகிறது. ரேகை என்பது ஓரிடத்தில் அடர்ந்து, ஓரிடத்தில் கரைந்து, வளைந்து மறையும் கறை போன்றது. கிரௌட்டோ தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஒரே அடர்த்தியில் ஓடும் நேர்கோடு. ரேகையின் அடர்ந்த பகுதியின் நிறத்தை அப்படியே எடுத்துக் கோடாகப் போட்டால், அது ரேகையைவிட இரண்டு படி கருமையாகத் தெரிகிறது. ஆகவே, ரேகையைப் பார்க்காமல் கல்லின் சராசரியைப் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். அதற்கு எனக்கு உதவிய வழி மிக எளியது: பத்துப் பன்னிரண்டு டைல்களை மேசை மேல் நெருக்கி அடுக்கி, நான்கு எட்டு பின்னால் நகர்ந்து, ரேகைகள் கலங்கி மறையும் வரை கண்ணை இடுக்கிப் பார்த்தேன். அப்போது மிஞ்சுகிற ஒற்றை நிறம் எதுவோ, அதைவிட அரைப் படி அடர்ந்த கிரௌட்தான் எங்கள் கல்லோடு இழைந்து போனது.

'இழைந்து போனது' என்று எழுதுவது எளிது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பலகை தேவைப்பட்டது. கடையில் காட்டும் நிறக் குச்சிகள் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை; அச்சிட்ட அட்டைகளோ இன்னும் மோசம். ஒட்டு வேலையில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை ஒரு பிளைவுட் பலகையில், சுவரில் பயன்படுத்தப் போகும் அதே வெள்ளை ஒட்டுக் கலவையால், இடைவெளியைச் சீராக வைக்கும் அதே 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் துண்டுகளை வைத்து ஒட்டினேன். (வெளிர்ப் பளிங்குக்குச் சாதாரணச் சாம்பல் ஒட்டுக் கலவை கூடாது, கல்லின் ஊடாக அதன் நிழல் தெரியும்.) பிறகு நான்கு நிறங்களைச் சிறு கிண்ணங்களில் கலந்தேன். பொடியையும் தண்ணீரையும் சமையலறைத் தராசில் நிறுத்தே கலந்தேன், ஏனெனில் தண்ணீர் கூடினால் அதே கிரௌட் காய்ந்த பின் வெளிறிவிடும். கண்ணளவில் கலந்த மாதிரியைப் பார்த்து எடுக்கும் முடிவு, சரியான அளவில் கலந்து சுவரில் போடும்போது பொய்த்துப் போகும்.

பலகையை மூன்று நாள் காயவிட்டு, படுக்க வைக்காமல், சுவரில் வரப்போகும் இடத்திலேயே நிமிர்த்திச் சாய்த்து வைத்தேன். காலை வெளிச்சத்தில் ஒருமுறை, மேகமூட்டமான பிற்பகலில் ஒருமுறை, இரவில் அலமாரிக்கு அடியில் உள்ள விளக்கைப் போட்டு ஒருமுறை பார்த்தேன். கடையில் நான் மிகவும் விரும்பிய மணல்நிறச் சாம்பல், பகல் வெளிச்சத்தில் இந்தக் கல்லின் நீலச் சாயலுக்குப் பக்கத்தில் தேநீர்க் கறை போலத் தெரிந்தது. பொன்னிற ரேகை ஓடும் கலகாட்டா வகைப் பளிங்காக இருந்திருந்தால் அதே நிறம் பொருந்தியிருக்கும். இரவில், 2700 கெல்வின் மஞ்சள் விளக்கின் கீழ், அந்த மணல்நிறத்துக்கும் குளிர்ச்சியான வெளிர்ச் சாம்பலுக்கும் வேறுபாடே இல்லை. 4000 கெல்வின் வெண்ணிற விளக்கை மாட்டியதும் வேறுபாடு மீண்டும் தலைகாட்டியது. பகலில் தோற்காத நிறம் இரவிலும் தோற்காது என்று வெளிர்ச் சாம்பலையே முடிவு செய்தோம்.

எந்த வகை கிரௌட் என்பதில் எங்களுக்கு அதிகம் யோசனை இல்லை. மணல் கலந்த கிரௌட் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளிகளுக்கானது. அதோடு, அந்த மணல் குவார்ட்ஸ். மோஸ் கடின அளவில் குவார்ட்ஸ் 7, பளிங்கு 3 மட்டுமே. பாலிஷ் செய்த பளிங்கின் மேல் அதைத் தேய்த்தால் கீறல் விழும். சிமென்டுக்குப் பதில் ரெசினால் ஆன எபாக்ஸி கிரௌட் கறையை உறிஞ்சாது என்பது உண்மைதான், ஆனால் அதன் ரெசின் உறிஞ்சும் கல்லின் விளிம்பில் இறங்கி, ஈரம் காயாத சட்டம் போட்டது போல ஒரு கருமையை நிரந்தரமாக விட்டுவிடக்கூடும். மணல் கலக்காத சிமென்ட் கிரௌட்டே எங்களுக்கு மிஞ்சியது. இரண்டு பாக்கெட் தேவைப்பட்டது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் நிறம் சற்று மாறக்கூடும் என்பதால், இரண்டின் பொடியையும் ஒரே வாளியில் உலர்வாகவே கலந்துகொண்டோம்.

கிரௌட் போட்ட அன்று மாலை எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஈரத்தில் அது கரியைப் போலத் தெரிந்தது. பலகையின் அனுபவம் இருந்தும் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் சில கோடுகள் வெளுத்தும் சில கோடுகள் கறுத்தும் திட்டுத்திட்டாக நின்றன. நான்காம் நாள்தான் சுவர் முழுவதும் ஒரே நிறத்துக்கு வந்தது. முழுவதும் என்று சொல்லக் கூடாது. டைல் ஒட்டுபவர் ஒரு பக்கம் துடைத்துக்கொண்டு வரும்போது, நானும் உதவுகிறேன் என்று சன்னல் பக்க மூலையில் ஸ்பாஞ்சை எடுத்தேன். அதைச் சரியாகப் பிழியவில்லை. கூடுதல் தண்ணீர் இறங்கிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு வெளிறிப் போயிற்று. கல்லின் மேல் படியும் கிரௌட் மூட்டத்தை அன்றே துடைத்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் காரணம். அந்த மூட்டத்தைக் கரைக்க விற்கப்படும் திரவங்களில் பல அமிலம் கலந்தவை. பளிங்கு கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலம் பட்ட இடம் பளபளப்பை இழந்துவிடும், வினிகரும் எலுமிச்சைச் சாறும் செய்கிற அதே வேலைதான்.

மேடையும் சுவரும் சந்திக்கும் கோட்டில் கிரௌட் போடவில்லை. இரண்டு பரப்புகளும் தனித்தனியாக அசைவதால் அங்கே போடும் கிரௌட் விரிசல் விடும். அதே நிறத்தில் சிலிக்கோன் போட்டோம். நிறம் ஒன்றுதான் என்றாலும் சிலிக்கோனில் ஒரு மினுமினுப்பு இருக்கிறது, அதைத் தவிர்க்க முடியாது.

ஒரு மாதம் கழித்து கிரௌட்டுக்கும் கல்லுக்கும் சேர்த்து சீலர் அடித்தோம், அதையும் முதலில் பலகையில் அடித்துப் பார்த்த பிறகுதான். சில சீலர்கள் நிறத்தை அடர்த்தியாக்கும் வகையைச் சேர்ந்தவை. பலகை இப்போது சரக்கறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த வெளிறிய ஒரு சாண் கோடு காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் தெரிகிறது. மிச்சமான பொடியைக் குழைத்துச் சரிசெய்யலாம் என்று டைல் ஒட்டுபவர் சொன்னார். சுரண்டும்போது கல்லின் விளிம்பு பெயர்ந்துவிடுமோ என்று பயந்து வேண்டாம் என்றுவிட்டேன். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலை அதன் முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறேன்.