மேல்காற்றுக்கு மரவேலி: ராதாபுரம் செவலில் இதுவரை

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் பக்கம், இந்தச் செவல் என்கிற செம்மண்ணில் மரம் வைக்க நினைப்பவர்கள் முதலில் தண்ணீரைத்தான் யோசிப்பார்கள். அதற்கும் முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்றுதான் இங்கே காற்றாலைகளைச் சுற்றுகிறது. முருங்கைக் கிளையை முறிப்பதும், ஊற்றிய தண்ணீரை உச்சிக்குள் உலர்த்துவதும் அதே காற்றுதான். பக்கத்து விளைக் கோனார் தாத்தாவும், "மேக்க மொதல்ல அடையும், பொறவு உள்ள என்ன வேணும்னாலும் வையும்" என்றார். அப்படியே மேற்கு எல்லையில் ஆரம்பித்தேன்.

வெளி வரிசை பனை. புரட்டாசியில் 10 அடிக்கு ஒன்றாகக் கொட்டையை நேரடியாக ஊன்றினேன். பனைக்கு முளை கீழே இறங்கிக் கிழங்கு பிடித்த பிறகுதான் ஓலை மேலே வரும். பிடுங்கி நடுவது சரிப்படாது. ஐப்பசி மழைக்கு முன்னால் கொட்டை மண்ணுக்குள் இருந்தால் போதும். இப்போது முதல் ஓலைகள் விரியாமல் வாள் போல நிற்கின்றன. பாளை விட 12 முதல் 20 ஆண்டு ஆகலாம், ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். காற்றைத் தடுக்க எதுவானாலும் சரி.

வடலியாக, அதாவது இளம்பனையாக இருக்கும்வரை பனை அடர்த்தியாக நிற்கும். உயர்ந்துவிட்டால் அடியில் வெட்டவெளிதான், அங்கே காற்று இன்னும் வேகமாகப் புகும். அந்த இடத்துக்குத்தான் உடை என்கிற முள்மரம். அதன் விதைத்தோல் கெட்டியானது, சும்மா போட்டால் லேசில் முளைக்காது. நெற்றைத் தின்ற ஆடுகள் பட்டியில் அசைபோட்டுத் துப்பிய விதைகளையும் புழுக்கையையும் அள்ளிவந்து போட்டேன், நன்றாகவே முளைத்திருக்கின்றன. அடிக்கிளையைக் கழிக்கப் போவதில்லை, வேலைக்காகிறதே அந்தக் கிளைதான். நடுவே வேலிக்கு ஊன்றிய கிளுவைக் கம்பும் துளிர்த்துவிட்டது.

இடுக்கில்லாமல் அடைப்பதும் கூடாது. மதில் மாதிரித் தடுத்தால் காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும். பாதிக் காற்று ஊடே கசிந்து போனால், வேலி உயரத்தைப் போல 10 மடங்கு தூரம் வரை உள்ளே வேகம் நன்றாகக் குறையும்.

உடை ஆள் உயரம் தாண்டும்வரை உள்ளே முருங்கை வைப்பதாக இல்லை. மழைக்குக் காணம் (கொள்ளு) விதைத்து மண்ணை மூடிவைக்கிறேன். ஆவணியில் பனம்பழம் விழ ஆரம்பித்ததும் இரண்டாம் வரிசைக்குக் கொட்டை சேர்க்கணும். அது முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக வரும்.