நான்காம் யூனிட் கேம்: நங்கூரப் பகுதிக் குறிப்புகள்

நவம்பர் 4, திங்கள்

விடியற்காலை சுமத்ரா காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டியதில் சிங்கப்பூர் மரினா சவுத் பியரிலிருந்து லாஞ்ச் படகு கிளம்பவே வெகுநேரம் ஆனது. தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பாவைத் தம்பி பையில் வைத்திருந்தான். காத்திருந்த நேரத்தில் அது பாதி காலி.

கப்பல் கிழக்கு நங்கூரப் பகுதியில் நிற்கிறது. எண்ணெய் நிரப்ப வந்த சரக்குக் கப்பல். மூன்று ஜெனரேட்டர்களில் இரண்டாவதன் கேம் ஷாஃப்டில் (வால்வுகளைத் தூக்கும் முட்டை வடிவக் கேம்கள் இருக்கும் தண்டு) "ஏதோ குழி தெரியுது" என்று செகண்ட் இன்ஜினியர் போட்டோ அனுப்பியிருந்தார். போட்டோவில் எல்லாக் குழியும் கிணறு மாதிரித்தான் தெரியும். நேரில் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது.

இன்று பெர்மிட் வாங்கியதோடு பொழுது போய்விட்டது. நாளை திறக்கிறோம்.

நவம்பர் 5, செவ்வாய்

எஞ்சினைக் கிளப்பும் காற்று வரும் ஸ்டார்ட்டிங் ஏர் வால்வை மூடிப் பூட்டி, சிலிண்டருக்குள் அழுத்தம் தங்காதபடி இண்டிகேட்டர் காக்குகளைத் திறந்து, கையால் சுற்ற டர்னிங் பாரை மாட்டிவிட்டுத்தான் பக்கவாட்டு மூடிகளைக் கழற்றினோம். நேற்று மாலையே எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள், அதனால் சூடு முழுதும் ஆறியிருந்தது. நிறுத்திய கையோடு மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் புகை தீப்பிடிக்கலாம். அந்த அவசரம் யாருக்கும் வேண்டாம்.

ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் ஒரு யூனிட். ஒவ்வொன்றுக்கும் இன்லெட் (காற்று உள்ளே வர), எக்சாஸ்ட் (புகை வெளியே போக), ஃபியூல் பம்ப் என்று மூன்று கேம். துணியால் எண்ணெயைத் துடைத்து, தம்பி மெதுவாகச் சுற்ற, நான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. பக்கவாட்டில் படிந்தால்தான் சின்னக் கீறல்கூட நிழல் காட்டும்.

கண்டது மூன்று. இரண்டாம் யூனிட் எக்சாஸ்ட் கேமின் அடிவட்டத்தில் (வால்வைத் தூக்காத பாகம்) குறுக்காக ஒரு பழுப்புக் கோடு. ஐந்தாம் யூனிட் இன்லெட் கேமின் ஓரத்தில், கேமின் மேல் உருளும் ரோலர் போகும் பாதைக்கு வெளியே, ஒரு அடிபட்ட தழும்பு. யாரோ எப்போதோ ஸ்பேனரைத் தவறவிட்டிருக்க வேண்டும். நான்காம் யூனிட் எக்சாஸ்டில் கேமின் உச்சி மேடான மூக்கை ஒட்டி நாலைந்து குழிகள், கூடவே சுற்றும் திசையில் மெல்லிய இழுப்புக் கோடுகள். போட்டோவில் பயமுறுத்தியது அந்தப் பழுப்புக் கோடு. எனக்கு உறுத்தியது நான்காவது.

ஃபியூல் கேம்கள் ஆறும் சுத்தம். அங்கே ஏதாவது இருந்திருந்தால் பேச்சே வேறு. ஊசியில் எரிபொருளைப் பீய்ச்சும் அழுத்தம் முழுவதும் அந்தக் கேமின் மேல்தான் விழுகிறது.

மாலையில் சீஃப் இன்ஜினியர் வந்து எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிக்காரர்.

"எமரி போட்டுப் பளபளன்னு ஆக்கிக் குடுத்துருங்க, ஆபீசுக்குப் போட்டோ அனுப்பணும்."

"பளபளன்னு ஆக்குறது பெரிய காரியமில்ல சார். குழி மறையுற வரைக்கும் தேய்ச்சா கேமோட வடிவம் போயிரும். நாளைக்கு அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

அளக்கும் நாள்.

முதலில் நகம். கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுத்தால் மாட்டுகிறதா, வழுக்கிப் போகிறதா என்று பார்ப்பது. பழைய முறைதான், ஆனால் முக்கியமான ஒன்றை அது உடனே சொல்லிவிடும்: மேடு இருக்கிறதா, பள்ளம் மட்டும்தானா. பள்ளத்தில் எண்ணெய் தங்கும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. மேடுதான் ரோலரைக் கடிக்கும். ஐந்தாம் யூனிட் தழும்பின் விளிம்பு நகத்தில் மாட்டியது.

பழுப்புக் கோட்டை மெல்லிய எண்ணெய்க்கல்லால் நாலு தடவை இழுத்ததும் நிறம் போய்விட்டது. கீழே ஆழமே இல்லை. எஞ்சின் ஓடாமல் நின்றபோது ரோலர் உட்கார்ந்திருந்த இடம் அது, வெறும் துரு.

நான்காம் யூனிட் குழிகளில்தான் நேரம் போனது. துருவால் வந்த குழி என்றால் அடி கறுத்திருக்கும், விளிம்பு ஒழுங்கில்லாமல் மழுங்கியிருக்கும். உலோகம் களைத்துப் பெயர்ந்த குழி வேறு மாதிரி: சிப்பி வடிவம், கூரான விளிம்பு, அடியில் புது உலோகத்தின் மினுக்கம். அந்த விரிசல் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழேயே தொடங்கக்கூடியது என்பதால் கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே அதிகம் பரவியிருக்கலாம். இந்தக் குழிகளின் அடி கறுப்பு. நல்ல செய்திதான், ஆனாலும் கண்ணை மட்டும் நம்பி எழுதிக் கொடுக்க முடியாது.

விரிசலைக் காட்டும் டை பெனட்ரன்ட் சாயம் போட்டோம். சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை அடித்து, கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். தம்பி கிளீனரை நேராகக் கேமின் மேல் அடிக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்படி அடித்தால் விரிசலுக்குள் இறங்கிய சாயமும் கழுவிப் போய்விடும். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். பிறகு வெள்ளை டெவலப்பர். குழிகள் சிவப்புப் புள்ளிகளாக எழும்பின. புள்ளியிலிருந்து கோடாக எதுவும் ஓடவில்லை. விரிசல் இல்லை.

அப்புறம் கேமின் தூக்கலை வால்வுக்குக் கடத்தும் புஷ்ராட் தலையில் டயல் கேஜ் வைத்து, ஆறு எக்சாஸ்ட் கேம்களும் எவ்வளவு தூக்குகின்றன என்று அளந்தோம். நான்காவதற்கும் மற்றவற்றுக்கும் 0.03 மில்லிமீட்டருக்குள்தான் வித்தியாசம். மூக்கு தேயவில்லை. குழிகளின் ஆழம் ஊசிமுனை டயலில் 0.1ஐத் தாண்டவில்லை.

இந்த வகைக் கேமில் மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தோல்தான் கடினப்படுத்தியது. உள்ளே மென்மையான எஃகு. 0.1 ஆழக் குழிக்காக மூக்கு முழுவதையும் 0.1 இறக்கினால் தோல் தாங்கும், ஆனால் கையால் தேய்த்து அந்த வளைவைச் சரியாக எடுக்க யாராலும் முடியாது. வளைவு கெட்டால் வால்வு மெதுவாக உட்காராது, அடிக்கும். ஆகவே குழி இருக்கட்டும், விளிம்பை மட்டும் மழுக்குவது என்று முடிவு.

இழுப்புக் கோடுகளுக்குத்தான் இன்னும் பதில் இல்லை.

நவம்பர் 7, வியாழன்

பதில் கிடைத்தது. நான்காம் யூனிட் டேப்பட்டை (ரோலரைத் தாங்கி, கேமோடு ஏறி இறங்கும் பாகம்) வெளியே எடுத்தோம். ரோலரை விரலால் சுற்றினால் பாதியில் நின்றது. ரோலரின் அச்சான பின்னுக்கு எண்ணெய் போகும் துளை கசடால் அடைத்திருக்கிறது, புஷ் (உள் உறை) கீறியிருக்கிறது. உருள வேண்டிய ரோலர் உருளாமல் கேமின் மேல் இழுபட்டிருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று, கேம் அதில் பாதி, 450. ஒரு மணி நேரத்தில் 27,000 தடவை. ரோலரை விட்டுவிட்டுக் கேமை மட்டும் எவ்வளவு அழகாகத் தேய்த்து வைத்தாலும் சீக்கிரமே இதே கோடு மறுபடி வரும்.

எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று கப்பலில் இருந்த கிட்டில் பார்க்கச் சொன்னேன். 0.3 சதவீதம். துருவுக்கும் குழிக்கும் காரணம் அதுதான். இந்த ஜெனரேட்டரை வாரக்கணக்கில் ஸ்டாண்ட்பையில் வைத்து, சுற்றிவிடாமலே இருந்திருக்கிறார்கள்.

ரோலர், பின், புஷ் மூன்றும் ஒரே செட்டாகக் கப்பல் ஸ்டோரில் இருந்தன. சீஃப் முகத்தில் இப்போதுதான் கொஞ்சம் தெளிவு.

நவம்பர் 8, வெள்ளி

கேமுக்குக் கீழே இருந்த எண்ணெய் வழிகளை எல்லாம் துணியால் அடைத்தோம். எமரித் தூள் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குள் போனால் கேமைக் காப்பாற்றி பேரிங்கைக் கொன்ற கதையாகிவிடும். துணிகளுக்கு நம்பர் எழுதி எண்ணிக்கொண்டோம்.

ஐந்தாம் யூனிட் தழும்பில் கல் மேட்டின் மேல் மட்டும் பட்டது. நகம் வழுக்கியதும் நிறுத்தியாகிவிட்டது. நான்காவதில் குழிகளின் விளிம்பை மென்கல்லால் மழுக்கி, 600, பிறகு 800 எமரியை எண்ணெயில் நனைத்துச் சுற்றும் திசையிலேயே இழுத்தேன். குறுக்கே தேய்த்தால் ரோலர் பாதையில் வரப்புக் கட்டிய மாதிரி ஆகிவிடும். தம்பிக்குக் கை துறுதுறுவென்று இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இழுத்தா அந்தச் சின்னக் குழி போயிரும்ணே."

"போகும். கூடவே வேறொண்ணும் போகும். கல்லைக் கீழ வை."

ரோலர் செட்டை மாற்றி, துளைக்குக் காற்றடித்து, எண்ணெய் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு டேப்பட்டை இறக்கினோம். துணிகளை எண்ணி எடுத்தோம். மேனுவலில் சொன்னபடி டேப்பட் இடைவெளி வைத்தாயிற்று.

நவம்பர் 9, சனி

லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டினோம். நிறுத்தி, ஆறவிட்டு, மூடியைத் திறந்து பார்த்ததில் ரோலர் ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது. அப்புறம் கால், அரை, முக்கால் லோடு. மறுபடி திறந்தபோது புதுக் கோடு எதுவும் இல்லை.

ரிப்போர்ட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதச் சொன்னார் சீஃப். குழிகள் அப்படியே இருப்பதையும், அவற்றின் இடத்தையும் ஆழத்தையும், ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோவையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். அடுத்துத் திறப்பவனுக்கு ஒப்பிட ஏதாவது வேண்டாமா? படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டீயும் கொடுத்தார்.

சொல்லிவிட்டு வந்தது: எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையரை ஓடவிட்டுத் தண்ணீரை எடுங்கள். ஸ்டாண்ட்பையில் இருந்தால் தினமும் எண்ணெய் பம்பைப் போட்டு, கையால் சுற்றி, நேற்று நின்ற இடத்தில் நிற்காதபடி விடுங்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

செகண்ட் இன்ஜினியர் போட்டோ அனுப்பியிருக்கிறார். 150 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதே குழிகள், அதே அளவு, விளிம்பில் பெயர்வு இல்லை. எண்ணெயில் தண்ணீர் 0.1க்கும் கீழே வந்துவிட்டதாம். அடுத்து 500 மணியில் திறக்கச் சொல்லி, அப்போது மூன்றாம், ஐந்தாம் யூனிட் ரோலர்களையும் விரலால் சுற்றிப் பாருங்கள் என்று பதில் போட்டேன்.