காயில் கட்டுகிறவர் எழுதிய இரண்டு சீட்டு

எங்கள் பக்கம் ‘போர்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆழ்துளைக் கிணறுதான். எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்பது நலம் விசாரிப்பதில் ஒரு பகுதி. இன்னொரு போரைப் பற்றிக் கேட்பவர் எங்கள் கொப்பரைக் களத்தில் எடை போடுகிறவர் ஒருவர்தான். தொலைக்காட்சியில் ‘பேச்சுவார்த்தை’ என்று எழுத்து ஓடினால் போதும், மறுநாள் காலையில் தராசுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொள்வார்: “அண்ணா, ரஷ்யாவும் உக்ரைனும் உட்கார்ந்து பேசுகிறார்களாமே, சண்டை நின்றுவிடுங்களா?”

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2022 மார்ச்சில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோதுதான், நம் நாட்டுக்கு அந்த எண்ணெயின் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பதே காங்கேயத்தில் பலருக்குத் தெரிந்தது. எண்ணெய் வியாபாரத்தில் ஒன்றின் விலை அசைந்தால் மற்றதும் அசையும். அதனால் கருங்கடலும் எங்கள் களத்துக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

நான் அவருக்குச் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். தலைவர்கள் கை குலுக்கும் படத்தைப் பார்க்காதே, சின்னச் சீட்டு ஏதாவது எழுதுகிறார்களா என்று பார். இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மோட்டார் காயில் கட்டுகிறவர்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கூட்டுக் கிணறு. ஆளுக்கு மூன்று நாள் முறை. 1994இல் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் கிளுவை வேலியைப் பெரியப்பா ஒரு முழம் தள்ளி நட்டார் என்று அப்பாவும், பழைய இடத்திலேயேதான் நட்டேன் என்று பெரியப்பாவும் சொன்னதில் பேச்சு நின்றது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. அந்த நேரம் பார்த்து மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெங்காயம் வாடுகிறது. யார் போய் யாரிடம் பணம் கேட்பது?

காயில் கட்டுகிறவர் கெட்டிக்காரர். சமாதானம் பேசவில்லை, வேலியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. முதலில் பெரியப்பா வீட்டுக்குப் போய் பாதிச் செலவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அதே எழுத்தில், அதே தொகைக்கு இன்னொரு சீட்டு. “நீங்கள் அவருக்கு ஒன்றும் தரவில்லைங்க, எனக்குத்தான் தருகிறீர்கள்” என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது.

2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில், உக்ரைன் தானியத்தைக் கருங்கடல் வழியே பாதுகாப்பாக வெளியே அனுப்பும் ஒப்பந்தம் கையெழுத்தானதைப் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் நின்றது. ரஷ்யாவோடு ஒரே தாளில் கையெழுத்துப் போட உக்ரைன் மறுத்துவிட்டது. அதனால் துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் உட்கார்ந்து, உக்ரைனிடம் ஒரு தாளிலும் ரஷ்யாவிடம் ஒரு தாளிலும் தனித்தனியே வாங்கின. அந்த இரண்டு தாளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 3.3 கோடி டன் தானியமும் எண்ணெயும் பிறவும் கடல் வழியே வெளியேறின. ஓராண்டு ஓடியது. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகிக்கொண்டது. உக்ரைன் ருமேனியா, பல்கேரியா கரையோரமாகத் தனக்கென்று வேறு வழி பார்த்துக்கொண்டது. எங்கள் பெரியப்பாவும் பின்னாளில் தனியாக ஒரு போர் போட்டுக்கொண்டார்.

பெரிய பேச்சு ஏன் நகரவில்லை என்று கேட்டால், எனக்குத் தெரிந்த மொழியில், ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா. 2022 மார்ச்சில் இதே இஸ்தான்புல்லில் உக்ரைன் நடுநிலை நாடாக இருப்பது, பிற நாடுகள் அதன் பாதுகாப்புக்கு உறுதி தருவது, 2014இல் ரஷ்யா எடுத்துக்கொண்ட கிரிமியா பற்றி 15 ஆண்டுகள் பேசித் தீர்ப்பது என்றெல்லாம் வரைவு வந்தது. அப்போது இடம் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், சப்போரிஷியா, கெர்சோன் என்ற நான்கு உக்ரைன் மாகாணங்களையும் தன்னோடு சேர்த்ததாக ரஷ்யா அறிவித்துத் தன் அரசியல் சட்டத்திலும் ஏற்றிக்கொண்டது. கெர்சோன் நகரத்தை நவம்பரிலேயே விட்டு வெளியேறியும் பட்டாவில் பேர் இருக்கிறது! உக்ரைனிலோ, நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தாமல் எல்லையை மாற்ற அதன் சட்டம் விடாது. இனி எந்தத் தலைவர் இறங்கி வந்தாலும் தன் வீட்டுப் பத்திரத்தைத் தானே கிழிக்க வேண்டும். போதாக்குறைக்கு, சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேச வேண்டிய விலையை இவர்கள் ஒலிபெருக்கியில் பேசுகிறார்கள். மாடு எப்படிக் கைமாறும்?

2025 மே 16 அன்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, எழுந்துவிட்டார்கள். தோல்வி என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பேச்சில்தான் ஆளுக்கு ஆயிரம் கைதிகள் என்று முடிவாகி, மே 23 முதல் மூன்று நாளில் எல்லோரும் வீடு திரும்பினார்கள். அடுத்த சுற்றில் உயிர் போனவர்களின் உடல்களை ஒப்படைப்பதற்கும் இசைந்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று அலாஸ்காவில் டிரம்பும் புதினும் சந்தித்ததை உலகமே பார்த்தது. அதில் ஒரு சீட்டும் எழுதப்படவில்லை.

சின்னச் சீட்டு வளர்ந்து பெரிய பத்திரமாகிவிடும் என்று எடை போடுகிறவரிடம் நான் சொன்னதில்லை. கொரியாவில் 1951 ஜூலையில் பேசத் தொடங்கினார்கள். கைதிகளை எப்படித் திருப்புவது என்பதில் மாதக்கணக்கில் இழுத்தது. 1953 ஜூலை 27 அன்று சண்டை நின்றது. அதுவரை இரண்டு ஆண்டும் சண்டை நடந்துகொண்டேதான் இருந்தது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. உக்ரைனிலும் அப்படித்தான், துப்பாக்கி ஓய்ந்து வழக்கு ஓயாமல் முடியும் என்பது என் கணிப்பு. “அப்போது எண்ணெய் விலை?” என்றார் அவர்.

எங்கள் வழக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. பெரியப்பா போட்ட போர் காற்று வாங்குவதால் அவர் மகன் மறுபடி கூட்டுக் கிணற்றுக்கே வந்துவிட்டார், முறை தவறுவதில்லை. போன மாதம் காயில் திரும்பவும் எரிந்தது. பழையவரின் மகன் வந்து கட்டிக்கொடுத்து இரண்டு சீட்டு எழுதினார். அவர்கள் சீட்டில் நூறு ரூபாய் குறைவு என்று கேள்வி. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.