முன்னறைச் சுவரும் ஓலைப் பின்னலும்

ஜனவரி 12, 2025 – தக்கலை

மழை ஓய்ந்து முன்னறைச் சுவரின் ஈரம் ஒருவழியாக வற்றிவிட்டது. உப்புப் பூத்து உதிர்ந்த பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசியாயிற்று. பத்தடி அகலமுள்ள அந்த வெறுஞ்சுவருக்கு வால்பேப்பர் ஒட்டலாமா என்று பார்க்க நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் விரித்துக் காட்டிய சுருளில், கருநீலப் பின்னணியில், பூங்குருவிகள் ஸ்ட்ராபெர்ரிப் பழங்களைக் கொத்திக்கொண்டிருந்தன. "எங்க டிசைனர் போட்டது" என்றார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அது இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ் 1883இல் பருத்தித் துணிக்காக வரைந்த வடிவம். கெல்ம்ஸ்காட்டிலிருந்த தம் வீட்டுத் தோட்டத்தில் குருவிகள் பழம் திருடுவதைக் கண்டு அவர் வரைந்தது. அவர் 1896இல் மறைந்துவிட்டார். படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நம் பதிப்புரிமைச் சட்டம் தரும் காப்பும் எப்போதோ முடிந்துவிட்டதால், அச்சிடுவதற்குத் தடையில்லை. ஆனாலும் வரைந்தவர் பெயரை விழுங்கிவிட்டுத் தம்முடையது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈரம் ஏறும் நம் ஊர்ச் சுவருக்கு ஒட்டுத்தாள் பொருந்தாது என்பதும் சேர்ந்துகொள்ள, ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

ஜனவரி 15

பெயிண்டர் வார்லி ஓவியத்துக்கான அட்டை வெட்டு (சுவரில் வைத்து வண்ணம் பூசும் ஸ்டென்சில்) ஒன்றைக் கொண்டுவந்தார். "நம்ம தெருவுலயே நாலு வீட்டுக்குப் போட்டாச்சு அக்கா" என்றார். மகாராஷ்டிரத்தில் வார்லிப் பழங்குடிப் பெண்கள் திருமணத்தின்போது காவி பூசிய மண்சுவரில் அரிசிமாவுக் கரைசலால் வரைந்துவந்த ஓவியம் அது. சுருளாக ஆடுகிறவர்களின் நடுவில் நிற்பவர் ஊதுவது தார்ப்பா. காய்ந்த சுரைக்குடுக்கையைச் சேர்த்துச் செய்த ஊதுகருவி. அட்டையை வெட்டியவருக்கு அது தெரியவில்லை போலும், வெறும் தடியாக்கியிருந்தார். அந்தத் தடியைப் பார்த்த பிறகு அட்டையை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

ஜனவரி 19

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்தேன். முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் 90 வகைப் பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வட்டத்துக்குள் பூ என்ற எண்ணம் எந்தத் தச்சனுக்கும் புதிதன்று. பிறரிடமிருந்து பெற்ற எண்ணம்தான். ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இதழை எப்படித் திருப்புவது என்று உளி பிடித்தவர் 90 முறை யோசித்திருக்கிறார். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். அதே பூமுகத்தில் சீன வணிகர்கள் கொடுத்த நாற்காலியும் இருக்கிறது. வேற்றூர்ப் பொருள் வேற்றூர்ப் பொருளாகவே, வந்த வழி சொல்லப்பட்டு, மதிப்போடு அங்கே இருக்கிறது.

பிப்ரவரி 2

ராஜாக்கமங்கலத்து மாமி வீட்டுக்குப் போனபோது அரிசி அளக்கும் ஓலைப்பெட்டி கண்ணில் பட்டது. இத்தனை நாளும் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை! இரண்டு ஓலைக்கு மேலே, இரண்டு ஓலைக்குக் கீழே என்று சாய்வாக ஓடும் அந்தப் பின்னலைத் தாளில் வரைந்து மாமியிடம் காட்டினேன். மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒரு கோட்டைத் தொடர்ந்து போய், ஓரத்தில் நிறுத்தினார். "இங்க முறிச்சு விட்டிருக்கியே மக்களே. ஓலை மூலையில முறியாது, மடங்கித் திரும்பி உள்ளதான் போவும்" என்று சொல்லி, பெட்டியைக் கவிழ்த்து, ஓர் ஓலை விளிம்பில் மடங்கித் தன் பாதையிலேயே சரிந்து இறங்குவதை நகத்தால் தொட்டுக் காட்டினார். நான் ஓரத்தில் அப்படியே வெட்டி நிறுத்தியிருந்தேன். அட்டை வெட்டியவர் தார்ப்பாவுக்குச் செய்ததையே நானும் ஓலைக்குச் செய்திருக்கிறேன் என்று புரிந்தது. அங்கேயே உட்கார்ந்து நான்கு மூலைகளையும் திருத்தி வரைந்தேன்.

பிப்ரவரி 9

சுண்ணாம்பில் காவி கலந்து சுவர் முழுவதும் அடித்து, அதன்மேல் அரையடி அகலப் பட்டையாக வெள்ளையில் பின்னலை வரைந்து முடித்தோம். காவியில் வெள்ளை என்பது வார்லிச் சுவரிலிருந்து வந்தது, பின்னல் மாமியுடையது. வருகிறவர்களிடம் இரண்டையும் சொல்கிறேன். கதவுச் சட்டத்தை ஒட்டி மூலை திரும்பும் இடத்துக்கு மட்டும் முழுதாக ஒரு பகல் பிடித்தது.

இதையே அடுத்த வீட்டுக்கும் போடலாமா என்று பெயிண்டர் கேட்டார். தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஓலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றேன். சற்று யோசித்தவர், தம் அம்மா முடைந்த சுளகு ஒன்று பரணில் கிடக்கிறது, அதன் பின்னல் வேறு மாதிரி என்றார். நாளை எடுத்துவருகிறாராம்.